தீர்மான நோட்டு எழுதும் கை பத்திரிகைக்கும் எழுதும்



நம் குழுக் கூட்டம் முடியும் நேரத்தில் யாராவது ஒருவர் தீர்மான நோட்டை மடியில் வைத்து எழுதுகிறார். இன்று எத்தனை பேர் வந்தார்கள், யார் கடன் கேட்டார், எதற்காகக் கேட்டார், எவ்வளவு, எத்தனை தவணை என்று வரிசையாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குகிறார். ஒரு எண் தப்பாக இருந்தாலும் "இது சரியில்லக்கா, மாத்து" என்று மற்றவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

பத்திரிகை நிருபர் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். யார், எப்போது, எங்கே, எவ்வளவு, ஏன் என்று கேட்டுத் தப்பில்லாமல் எழுதுகிறார். ஆனாலும் "நீங்க பத்திரிகைக்கு எழுதலாமே" என்று சொன்னால் நம்மில் பலர், "நமக்கெல்லாம் எழுத வருமா? எட்டாவதுதானே படிச்சேன்" என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

எழுத்தை ஒரு உபதொழிலாகத் தொடங்குவது எப்படி, அதில் கூலி எப்படி வருகிறது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்பதுதான் இம்மாதப் பாடம். குழுவில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

ஃப்ரீலான்ஸ் என்றால் என்ன?

நம் ஊரில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிளவுஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. யார் துணி கொடுத்தாலும் தைப்பார். வேலை வந்தால் பணம், வராவிட்டால் இல்லை. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரும் அப்படித்தான். எந்தப் பத்திரிகையிலும் நிரந்தர வேலையில் இருக்க மாட்டார். கட்டுரைக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு என்று வேலைக்கு வேலை கூலி வாங்குவார். பத்திரிகைகள் கொடுக்கும் இந்தக் கூலிக்கு 'சன்மானம்' என்று பெயர்.

படிப்புக் குறைவு தடையா?

மூன்று பேருடைய கதையைத் தெரிந்துகொள்வோம்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகவில்லை. மனசு நிறையக் கதை இருந்தது, ஆனால் எழுத வரவில்லை. அதனால் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி எழுதினார். பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டார். 1925 முதல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை நடத்தினார். நூறு நாவல்களுக்கு மேல் எழுதினார். தோழியின் கையைக் கடன் வாங்கித் தொடங்கியவர் இவ்வளவு தூரம் வந்தார்!

பேபி ஹால்தார் மேற்கு வங்கத்தில் வளர்ந்தவர். பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. 12 வயதில் கல்யாணம். கணவரின் அடி உதை தாங்காமல் மூன்று பிள்ளைகளோடு டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். அவர் வேலை பார்த்த ஒரு வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அலமாரியைத் துடைக்கும்போது அந்த அம்மா புத்தகங்களையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, "உன் வாழ்க்கையை எழுது" என்றார். பேபி ஹால்தார் வேலை முடிந்த நேரத்தில் தன் தாய்மொழியில் எழுதினார். அது 2002இல் இந்தியில் புத்தகமாக வந்தது. 2006இல் ஆங்கிலத்திலும் வந்தது.

மூன்றாவது கதை ஒரு கூட்டத்தின் கதை. உத்தரப்பிரதேசத்தில் பண்டா மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் 1990களில் எழுத்தறிவு வகுப்பில் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல், கையாலேயே எழுதிப் படம் வரைந்து ஒரு செய்தி மடல் நடத்தினார்கள். அந்த அனுபவம் வளர்ந்து, 2002இல் சித்ரகூட்டில் 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாள் தொடங்கியது. கிராமத்துப் பெண்களே செய்தி சேகரித்தார்கள், அவர்களே எழுதினார்கள், அவர்களே ஊர் ஊராகப் போய் விற்றார்கள். தலித் பெண்கள் பலர் அதில் நிருபர்கள். 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது அதற்குக் கிடைத்தது. ஒரு செய்தி மடலில் தொடங்கிய வேலை அது!

இந்த மூன்று கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் தனியாகத் தொடங்கவில்லை. ஒரு தோழி, ஒரு நோட்டு கொடுத்தவர், ஒரு வகுப்பு என்று துணை இருந்தது. நமக்குக் குழு இருக்கிறது.

எதை எழுதுவது?

புதிதாக எழுத வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, தெரியாததை எழுதுவது. எங்கோ படித்ததைத் திருப்பி எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. அப்படிப்பட்ட கட்டுரையை இப்போது செல்போனே எழுதித் தருகிறது. பத்திரிகைக்காரர் உங்களிடம் தேடுவது உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை.

உதாரணத்துக்கு, முருங்கைக்கீரைப் பொடி பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் இப்படி எழுதுகிறார்:

"முருங்கை உடலுக்கு மிகவும் நல்லது. அதில் சத்துக்கள் அதிகம். பெண்கள் முருங்கைப் பொடி தயாரித்து வாழ்வில் முன்னேறலாம்."

இன்னொருவர் இப்படி எழுதுகிறார்:

"முதல் தடவை கீரையை நல்ல வெயிலில் காயப் போட்டோம். ஒரே நாளில் காய்ந்துவிட்டது, ஆனால் நிறம் பழுப்பாகிவிட்டது. வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அடுத்த தடவை கழுவி, ஈரம் வடியவிட்டு, நிழலில் வெள்ளைத் துணி விரித்து, மெல்லிசாகப் பரப்பினோம். நாள் கூடுதல் ஆனது. ஆனால் பச்சை நிறம் போகவில்லை."

எது உங்களுக்குப் பிடித்தது? இரண்டாவதுதானே! அதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதிலிருந்து கற்ற பாடம் இருக்கிறது. நம் தோல்வியைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோம். ஆனால் வாசிக்கிறவர் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். அவர் அந்த நஷ்டத்தை மறுபடி படவேண்டியதில்லை அல்லவா?

நாம் எழுதத்தக்க விஷயங்கள் சில:

• ஆடு, கோழி, மாடு வளர்ப்பில் உங்கள் சொந்த அனுபவம்
• உங்கள் பகுதிச் சமையல், அம்மாச்சி சொல்லித் தந்த பக்குவம்
• குழுக் கடனில் தொடங்கிய தொழிலின் வரவு செலவு
• ஒரு மனு கொடுத்து ரோடோ தண்ணீரோ வாங்கிய கதை, எத்தனை நடை நடந்தீர்கள் என்ற கணக்கோடு
• ஊர்த் திருவிழா, பழைய பாட்டு, விதை, மரம் பற்றிப் பெரியவர்கள் சொல்வது

பத்திரிகை மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். தொண்டு நிறுவனங்களுக்குப் பயனாளிகளின் அனுபவக் கட்டுரை தேவைப்படுகிறது. பயிற்சிக் கையேடுகளை எளிய தமிழில் எழுத ஆள் தேடுகிறார்கள். ஊறுகாய், மசாலாப் பாக்கெட்டுக்கு நாலு வரி எழுதித் தரவும் ஆள் வேண்டும். இவையும் கூலி கேட்டுச் செய்யவேண்டிய வேலைகளே.

எழுதி அனுப்பும் முறை

1. முதலில் பத்திரிகையைப் படியுங்கள். நூலகத்தில் நாலைந்து இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். கட்டுரை எவ்வளவு நீளம்? வாசகர் எழுதும் பகுதி எது? துணுக்கு, சமையல் குறிப்பு, அனுபவம் என்று சின்னப் பகுதிகளில் தொடங்குவது நல்லது. பத்துப் பக்கக் கட்டுரையை முதலிலேயே அனுப்பினால் படித்துப் பார்க்க ஆளிருக்காது.

2. பேசுகிற மாதிரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் தோழியிடம் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். செல்போனில் தமிழில் பேசினால் எழுத்தாக வரும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதில் தப்பு நிறைய வரும். ஒருமுறை வாசித்துத் திருத்தாமல் அனுப்பாதீர்கள்.

3. குழுவில் வாசித்துக் காட்டுங்கள். கேட்கிறவர் "புரியலையே" என்று சொல்லும் இடத்தில் அடித்துத் திருத்துங்கள்.

4. கையால் எழுதினால் தாளின் ஒரு பக்கம் மட்டும், ஓரத்தில் இடம் விட்டு எழுதுங்கள். பெயர், முகவரி, போன் நம்பர் கட்டாயம். ஜெராக்ஸ் எடுத்து வைக்காமல் அனுப்பவே கூடாது.

5. பருவம் பாருங்கள். பொங்கல் கட்டுரையைப் பொங்கலுக்கு முந்தின வாரம் அனுப்பிப் பயனில்லை. மாத இதழ் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும்.

6. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் அடுத்த முறை இருவரும் சேர்க்க மாட்டார்கள். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு இன்னொருவருக்கு அனுப்பலாம்.

கூலி, பெயர், உரிமை

இதை நன்றாக மனதில் வையுங்கள். எழுதுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: "சன்மானம் உண்டா? எவ்வளவு? எப்போது வரும்?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. களை எடுக்கப் போகும்போது கூலி பேசாமலா போகிறோம்? சில பத்திரிகைகள் சன்மானம் தரும், சில தராது. இனாமாக எழுதுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அது தெரிந்து செய்ததாக இருக்கட்டும். நம் செய்தி மடலில் எழுதுவோருக்குப் பணம் கிடையாது, பழகும் களம் மட்டுமே என்பதை நாமும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பெயர் விஷயம். நம் பெண்கள் சிலர் வீட்டுக்காரர் பெயரில் எழுதுகிறார்கள், மகன் பெயரில் அனுப்புகிறார்கள். "பொம்பளை பேரு பேப்பர்ல எதுக்கு?" என்ற பேச்சுக்குப் பயம். வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். தேவைப்பட்டால் புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் பெயராகவே இருக்கட்டும். பணமும் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வரட்டும். எழுதியது ஒருவர், பெயர் வாங்கியது இன்னொருவர் என்றானால் நாளைக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

உரிமை விஷயம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது?

• நீங்கள் சொந்தமாக எழுதியதற்கு எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை.
• இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கும் சேரும்.
• சம்பளத்துக்கு வேலையில் இருந்து எழுதினால் பெரும்பாலும் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். அதனால் 'ஊழியரா, ஃப்ரீலான்ஸா' என்பது முக்கியம்.
• உரிமையை வேறொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.
• சட்டம் காப்பது உங்கள் வாசகத்தை. விஷயத்தை அல்ல. முருங்கைப் பொடி செய்யும் முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அதை நீங்கள் எழுதிய விதம் உங்கள் சொத்து.

ஆகவே, "உரிமை முழுவதும் எங்களுக்கே" என்று அச்சடித்த தாளை நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் பத்திரத்தை எப்படி வாசிக்கிறோமோ அப்படியே வாசியுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை!

"வீட்டிலிருந்தே எழுதி மாதம் 30,000 சம்பாதிக்கலாம்" என்று செல்போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்யும் வழிகளைத் தெரிந்துகொள்வோம்.

முதல் வழி: பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்பார்கள். கட்டியதும் போனை எடுக்க மாட்டார்கள். கூலி வாங்கப் போகிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்? முன்பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்.

இரண்டாவது வழி: நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து டைப் அடித்துத் தரச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கேஸ் போடுவோம்" என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள். பயந்து பணம் அனுப்பாதீர்கள். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்புவது கஷ்டம்.

மூன்றாவது வழி: "உங்கள் புத்தகத்தைப் போடுகிறோம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்" என்பார்கள். பணம் கட்டிப் புத்தகம் போடுவது குற்றமில்லை. ஆனால் அது அச்சுச் செலவு, வருமானம் இல்லை. இதற்காகக் குழுவில் கடன் வாங்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

பணம் வாங்க வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் போதும். ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் கேட்டால் அவர் பத்திரிகைக்காரர் இல்லை.

அடுத்தவர் கதையை எழுதும்போது

நம் குழுவில் எத்தனையோ கண்ணீர்க் கதைகள் பேசப்படுகின்றன. நம்மை நம்பிச் சொன்னதை நாம் பத்திரிகைக்கு எழுதிக் காசாக்கலாமா? கேட்காமல் எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிட வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "கோயில் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர்" என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். குழந்தை என்றால் பெயர், பள்ளிக்கூடம், பெற்றோர், தெரு எதுவும் வரக் கூடாது. நல்ல எண்ணத்தில் எழுதினாலும் இந்தச் சட்டம் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆசை காட்டிவிட்டுக் கணக்குச் சொல்லாமல் போவது சரியில்லை. ஓர் உதாரணக் கணக்கு. கட்டுரைக்கு 750 ரூபாய் சன்மானம் என்று வைத்துக்கொள்வோம். ஜெராக்ஸ், தபால், ரீசார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டுரைக்கு 130 ரூபாய் செலவு. எழுத 6 மணி நேரம்.

ஐந்து கட்டுரை அனுப்பி இரண்டு வெளிவந்தால்:

வரவு: 2 × 750 = 1,500 ரூபாய்
செலவு: 5 × 130 = 650 ரூபாய்
மிச்சம்: 850 ரூபாய்
உழைப்பு: 5 × 6 = 30 மணி நேரம்
மணிக்குக் கூலி: சுமார் 28 ரூபாய்

பார்த்தீர்களா? தொடக்கத்தில் இது பெரிய வருமானம் இல்லை. ஆட்டை விற்றுவிட்டுப் பேனாவைப் பிடிக்க வேண்டாம். இருக்கிற தொழிலோடு சேர்த்துச் செய்யுங்கள். திருப்பி வந்த மூன்று கட்டுரையைத் தூக்கிப் போடாமல் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்பினால் கணக்கு மாறும். கூலி முன்பே பேசி முடிவான வேலை வந்தால் இன்னும் மாறும். கட்டுரை திரும்பி வருவது எழுதுகிற எல்லோருக்கும் நடப்பதுதான். சந்தைக்குக் கொண்டுபோன காய் எல்லாம் அன்றே விற்றுவிடுகிறதா?

இதற்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். ஆறு கட்டம் போதும்: தேதி, தலைப்பு, எங்கே அனுப்பியது, என்ன பதில், வந்த பணம், செலவு. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டே உங்களுக்கு வழி சொல்லும்.

இம்மாதச் செயல்

1. ஒவ்வொருவரும் தன் கைக்குத் தெரிந்த மூன்று விஷயங்களைச் சொல்லவும். எழுதத் தெரிந்தவர் குறித்துக்கொள்ளவும்.
2. அதில் ஒன்றை, ஒரு நஷ்டமும் ஒரு கணக்கும் வரும்படி ஒரு பக்கம் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்கவும்.

குழுவில் கலந்து பேச

• நம் குழுவில் மனு எழுதுவது, நோட்டு எழுதுவது யார்? அந்த உழைப்புக்கு இதுவரை ஏதாவது கொடுத்திருக்கிறோமா?
• தோழி சொல்ல நாம் எழுதினால் சன்மானத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? யார் பெயர் போடுவது?
• வீட்டில் எதிர்ப்பு வந்தால் குழு எப்படித் துணை நிற்கலாம்?

முதல் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைத் தீர்மான நோட்டிலேயே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை எழுதுகிறவர் கையில் இன்னொரு நோட்டும் இருக்கட்டும். அதில் எழுதிய ஒரு பக்கத்தை நமக்கும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறோம்.